றோண்டோர்ஃப் வீட்டின் 58 படிகள்

முழங்கால் நோ உள்ளவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மேற்கு ஜேர்மனியின் முதல் சான்சலராக, அதாவது அரசாங்கத் தலைவராக, இருந்த கொன்ராட் அடெனவரின் வீட்டைப் பார்க்கப் போவதென்றால் கீழே இருக்கும் கண்காட்சிக் கட்டடத்திலிருந்து தோட்டத்தின் ஊடாக 58 படி ஏற வேண்டும். நான் ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஏறினேன். பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது முன்னால் போன மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஏலுமே உங்களுக்கு? கொஞ்சம் இருந்திட்டு வருவமா?"

"எனக்கு அறுபத்தொண்டுதான் பிள்ளை. அந்த மனுசன் தொண்ணூறு வயசு மட்டும் இதிலை ஏறி இறங்கினவர். நீ நட, நான் வாறன்."

முப்பது வருடத்துக்கு மேலாக ஜேர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் படியைப் பார்க்கும். பிறகு கட்டிலின் உயரம், பிறகு குளியலறைக் கதவின் அகலம். எழுபத்துமூன்று வயதில் ஒருவர் நாட்டின் சான்சலரானார் என்று புத்தகத்தில் வாசித்தபோது அதை ஒரு தகவலாகக் கடந்து போனேன். இந்தப் படிகளில் நின்றபோதுதான் அந்த வயதின் எலும்பும் மூட்டும் எனக்குத் தெரிந்தன.

போன காரணத்தையும் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்தது 1986இல், ஹெல்முட் கோல் சான்சலராக இருந்த காலம். அன்றிலிருந்து இன்றுவரை கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம், சுருக்கமாக சி.டி.யு., ஆட்சியிலோ ஆட்சிக்கு அருகிலோ இருந்துகொண்டே இருக்கிறது. என் விசாவும் குடியுரிமையும் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் ஓய்வூதியக் காசும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கட்சி போட்ட சட்டங்களோடு தொடுக்கப்பட்டவை. ஆனால் அந்தப் பெயரில் "கிறிஸ்தவ" என்பது ஏன் வந்தது, "கட்சி" என்று வராமல் "ஒன்றியம்" என்று ஏன் வந்தது என்று எனக்கு வடிவாகத் தெரியாது. மகள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறாள். "வீடு பார்த்தால் கட்சி விளங்காது அம்மா" என்றுதான் முதலில் சொன்னாள். திரும்பி வரும்போது அப்படிச் சொல்லவில்லை.

போகும் வழி சுலபம். பொன் பிரதான நிலையத்தில் 66ஆம் இலக்க நகர ரயில் ஏறி, பாட் ஹொன்னெஃப் பக்கம் போகும் திசையில் றோண்டோர்ஃப் தரிப்பிடத்தில் இறங்க வேண்டும். றைன் நதியின் வலக்கரை ஓரமாகவே போகிற பாதை. கோனிக்ஸ்வின்டரைத் தாண்டும்போது இடிந்த கோட்டை உச்சியில் நிற்கும் டிராஹன்ஃபெல்ஸ் குன்று தலைக்கு மேலேயே தெரியும். இறங்கியபின் மலைப்பக்கம் சிறிது நடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை பூட்டு. கண்காட்சியை நாமாகப் பார்க்கலாம், வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் போகலாம். அதனால் சுற்று தொடங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

வழிகாட்டி என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் வேறொரு தலைவரின் நினைவிடத்துக்குப் போய், ஒரு மணித்தியாலம் பதவிப் பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்டு, கடைசியில் அந்த மனிதர் எந்தக் கதிரையில் இருந்து சாப்பிட்டார் என்றுகூடத் தெரியாமல் வெளியே வந்திருக்கிறேன். இங்கே எங்களை அழைத்துப் போன பெண் அப்படி இல்லை. வாசலில் நிறுத்தி, முதலில் ஆற்றைப் பார்க்கச் சொன்னார். "அவர் இந்த வீட்டை ஒளிந்து இருப்பதற்காகக் கட்டினார், ஆட்சி செய்வதற்காக இல்லை" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சுற்று முழுவதும் நான் வாய் திறக்கவில்லை.

அடெனவர் 1917இலிருந்து கொலோன் நகரத்தின் மேயர். கத்தோலிக்கர். கத்தோலிக்கருக்கென்றே 1870இல் தொடங்கிய சென்ட்ரும் கட்சியைச் சேர்ந்தவர். 1933 பெப்ரவரியில் ஹிட்லர் தேர்தல் பிரசாரத்துக்காக கொலோனுக்கு வந்தபோது வரவேற்கப் போகவில்லை, பாலத்தில் கட்டியிருந்த நாசிக் கொடிகளையும் அகற்றச் சொன்னார். மார்ச்சில் பதவி போய்விட்டது. மரியா லாக் என்ற மடத்தில், பள்ளித் தோழன் மடாதிபதியாக இருந்த இடத்தில், மாதக்கணக்கில் தங்கியிருந்தார். 1937இல் இந்தச் சரிவில் வீடு கட்டிக் குடிவந்தார். வரைபடம் போட்டவர் மனைவியின் சகோதரர். அடுத்த எட்டு வருடம் தோட்டத்தில் மண் கிண்டினார், எதையாவது புதிதாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். காலுறை தைக்கும்போது உள்ளே வைக்கிற முட்டை வடிவக் கட்டைக்குள் மின்விளக்குப் பொருத்துவது அவர் யோசனைகளில் ஒன்று. வேலை பறிபோன ஒரு மனிதன் வீட்டில் அடைபட்டுக் கிடந்தால் கை என்னவெல்லாம் தேடும் என்று எனக்குத் தெரியும். என் கணவர் அகதி முகாமில் வேலை அனுமதி இல்லாமல் இருந்த காலத்தில் பழைய றேடியோக்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தார்.

1944இல் ஹிட்லர்மீது கொலை முயற்சி நடந்தபின் அடெனவரைப் பிடித்தார்கள். தப்பி ஒளிந்தார். அவர் மனைவி குஸ்ஸியை நாசிகளின் இரகசியப் பொலிசான கெஸ்டாப்போ கொண்டுபோய், பெண்பிள்ளைகளையும் பிடிப்போம் என்று மிரட்டி, ஒளிந்த இடத்தைச் சொல்லவைத்தது. அந்தப் பெண் சிறையில் தன் உயிரை முடிக்கப் பார்த்தார். பிழைத்தாலும் உடம்பு தேறவில்லை. 1948 மார்ச்சில் இறந்துபோனார். கணவன் சான்சலரானதை அவர் காணவில்லை. இருப்பறையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவில் ஒருவரும் அசையவில்லை. கட்சியின் வரலாறு என்று எழுதுகிற இடங்களில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். இந்த வீட்டில் அவருக்கு ஒரு அறையளவு இடம் இருந்தது. இந்த இடத்தை நான் மனதார மெச்சுவதற்கு முதல் காரணம் அதுதான்.

இனி அந்த "ஒன்றியம்".

எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறார், வயது எண்பத்தெட்டு. பெயர் வேண்டாம். அப்போது ஜேர்மனியாக இருந்து இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கும் சிலேசியாவில் பிறந்த புரட்டஸ்தாந்துக்காரி. 1946இல் தாயோடும் தம்பியோடும் விரட்டப்பட்டு, றைன்லாந்தில் முழுக்கக் கத்தோலிக்கர் வாழ்ந்த ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தவர். பாடசாலை முற்றத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்ததாம். இந்தப் பக்கம் கத்தோலிக்கப் பிள்ளைகள், அந்தப் பக்கம் மற்றவர்கள். பந்து கோட்டைத் தாண்டினால் போய் எடுக்கக்கூடாது, அவர்களாகத் திருப்பி எறிந்தால் உண்டு. காலையில் தலைமுடி வாரிவிடும்போது பல தடவை இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இது அந்நியமான கதையல்ல. எங்கள் கத்தோலிக்க அம்மம்மா புரட்டஸ்தாந்து மிஷன் கோயில் வாசலை மிதித்ததே இல்லை.

இந்தச் சுண்ணாம்புக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு 1945ஐப் பார்த்தால்தான் சி.டி.யு.வைத் தொடங்கியவர்கள் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று தெரியும். சென்ட்ரும் கட்சியை அப்படியே தூசு தட்டி எடுத்திருக்கலாம். பலர் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் நாசிகள் வளர்ந்ததற்குக் காரணங்களில் ஒன்று கிறிஸ்தவர்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்ததுதான் என்று சிறையிலும் மறைவிடத்திலும் இருந்து வந்த சிலர் முடிவுக்கு வந்திருந்தார்கள். 1945 ஜூன் 26இல் பேர்லினில் அந்திரேயாஸ் ஹெர்மஸ், யாக்கோப் கைசர் போன்றவர்கள் அறிக்கை விட்டார்கள். கொலோனில் வேறொரு குழு கூடி, வால்பெர்பெர்க் என்ற தொமினிக்கன் மடத்தில் இருந்து கொள்கை எழுதியது. தொலைபேசி இல்லை, பாலங்கள் இல்லை, போரில் வென்ற நாலு நாட்டுப் படைகளின் நாலு வலயங்கள். ஆளையாள் தெரியாமலே ஒரே யோசனையைப் பல ஊர்களில் தொடங்கினார்கள். டிசம்பரில் பாட் கோடெஸ்பெர்க்கில், அடெனவர் வீட்டிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் சற்றுக் கீழே இருக்கிற ஊரில், கூடித்தான் பொதுப்பெயரை ஏற்றுக்கொண்டார்கள். கட்சி என்றால் ஒரு பகுதி. ஒன்றியம் என்றால் கோட்டின் இரண்டு பக்கமும். பவேரியா மாநிலம் மட்டும் தன்பாட்டில் கிறிஸ்தவ சமூக ஒன்றியம், சி.எஸ்.யு., என்று தனியாக நின்றது, இன்றைக்கும் நிற்கிறது, பாராளுமன்றத்தில் ஒரே அணியாக இருந்துகொண்டு.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது, அடெனவர் இந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் முன்வரிசை ஆள் இல்லை என்பது. அமெரிக்கர்கள் அவரை மறுபடி மேயராக்கியிருந்தார்கள். அவர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொலோன் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1945 ஒக்டோபர் 6இல் ஒரு பிரித்தானிய பிரிகேடியர் அவரைத் திறமை போதாது என்று நீக்கினார். அந்த அதிகாரி அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அவர் மேயராகவே ஓய்வு பெற்றிருப்பாரோ என்னவோ. 1946 ஜனவரியில் ஹெர்ஃபோர்டில் பிரித்தானிய வலயத்துக் கட்சிக்காரர் கூடியபோது, இருக்கிறவர்களில் வயதில் மூத்தவர் நான்தான் என்று தலைமைக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் எழுப்பவில்லை. வயது என்றால் தள்ளி வைக்கப்படுவது என்று தினமும் பார்க்கிற எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது.

கீழே கண்காட்சியைப் பார்க்கும்போது ஆலன் வேலைத்திட்டத்தைப் பற்றி மகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். 1947 பெப்ரவரி தொடக்கத்தில், வெஸ்ட்ஃபாலியாவின் ஆலன் என்ற சுரங்க ஊரில் இந்தக் கட்சி எழுதிய அறிக்கை.  அந்தக் குளிர்காலத்தில் கொலோன் நகரம் உறைந்து பசித்துக் கிடந்தது. அதற்கு முந்தைய புத்தாண்டு இரவுப் பிரசங்கத்தில் கர்தினால் ஃபிரிங்ஸ், உயிர் பிழைக்க வேறு வழியில்லாவிட்டால் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். நிலக்கரி ரயிலில் ஏறிக் கரி எடுப்பதற்கு "ஃபிரிங்ஸன்" என்று பெயரே வந்துவிட்டது. அந்தக் குளிரில் எழுதிய ஆலன் அறிக்கை, முதலாளித்துவப் பொருளாதார முறை ஜேர்மன் மக்களின் வாழ்வு நலன்களுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று தொடங்குகிறது. இன்றைய சி.டி.யு. ஆதரவாளர் ஒருவரிடம் கட்சிப் பெயரைச் சொல்லாமல் இதை வாசித்துக் காட்டினால் இடதுசாரிகள் எழுதியது என்றுதான் சொல்வார்.

இரண்டே வருடத்தில் எல்லாம் மாறியது. 1948 ஜூனில் மார்க் என்ற புது நாணயம் வந்தது, தலைக்கு 40 மார்க் கையில் கொடுத்தார்கள். பொருளாதாரப் பொறுப்பில் இருந்த லூட்விக் எர்ஹார்ட் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார், வெறுமையாகக் கிடந்த கடைக் கண்ணாடிகளில் சாமான் வந்து குவிந்தது. 1949 ஜூலையில் டுசல்டோர்ஃப் கொள்கைகளில் கட்சி சமூகச் சந்தைப் பொருளாதாரத்தை, அதாவது சமூகப் பாதுகாப்போடு சேர்ந்த திறந்த சந்தையை, எடுத்துக்கொண்டது. ஆலன் அறிக்கை ஒதுங்கிப்போனது. ஆனால் முழுதாகச் செத்துப்போகவில்லை என்பது என் எண்ணம். 1957 ஜனவரியில் கொண்டுவந்த ஓய்வூதியச் சட்டத்தில் அதன் மூச்சு இருக்கிறது. அதுவரை ஓய்வூதியம் என்பது பிச்சைக் காசு. அந்தச் சட்டம் ஓய்வூதியத்தை உழைப்போரின் சம்பள உயர்வோடு கட்டிவிட்டது. ஒரே தடவையில் 60 வீதத்துக்கும் மேலே கூடியது. எதிர்க்கட்சியான எஸ்.பி.டி.யும், அதாவது சமூக ஜனநாயகக் கட்சியும், சேர்ந்து வாக்களித்தது. அதே வருடம் செப்டெம்பரில் "பரிசோதனைகள் வேண்டாம்" என்ற சுலோகத்தோடு தேர்தலில் நின்று 50.2 வீதம் எடுத்தார்கள். கூட்டாட்சிக் குடியரசில் ஒரு அணி பாதிக்கு மேலே வாக்கு எடுத்தது அந்த ஒரு முறைதான். எனக்கு இன்னும் ஆறு வருடத்தில் ஓய்வூதியம். வருடா வருடம் வரும் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும்போது இனி இந்த வீடு ஞாபகம் வரும்.

வீட்டின் நடுநாயகம் 1949 ஓகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. முதல் தேர்தல் முடிந்து ஒரு வாரம். சி.டி.யு.-சி.எஸ்.யு. 31 வீதம், எஸ்.பி.டி. 29.2 வீதம். நாடு இடிந்து கிடக்கிறது, இரண்டு பெரிய அணிகளும் சேர்ந்துதான் ஆள வேண்டும் என்று கட்சிக்குள்ளேயே பல தலைவர்கள் நினைத்தார்கள். அடெனவர் இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தன் வீட்டுக்குக் கோப்பி குடிக்க அழைத்தார். கட்சி அலுவலகத்துக்கு அழைக்கவில்லை, வீட்டுக்கு. அதில்தான் கெட்டித்தனம். இந்த அறைகளில் நின்றால் அது உடனே விளங்குகிறது. ஒருவர் தோளோடு ஒருவர் இடிபடுகிற அளவு இடம். விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனோடு சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டான். மேசையில் நல்ல உணவு, நிலவறையிலிருந்து நல்ல வைன். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது: எஸ்.பி.டி.யோடு சேர்வதில்லை, சிறிய கட்சிகளோடு கூட்டு, அடெனவர் சான்சலர், சுதந்திர ஜனநாயகக் கட்சியின் தியோடர் ஹொய்ஸ் ஜனாதிபதி. தன் வைத்தியரிடம் கேட்டதாகவும், ஓரிரண்டு வருடம் தாங்கும் என்று அவர் சொன்னதாகவும் அடெனவர் கூறியிருக்கிறார். ஹொய்ஸுக்குக் கோயில் பக்தி போதாதே என்று ஒருவர் இழுத்தபோது, அவருடைய மனைவி பக்தியானவர், அது போதும் என்று முடித்துவிட்டாராம்.

செப்டெம்பர் 15இல் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. மொத்தம் 402 பேர், வேண்டியது 202. கிடைத்தது சரியாக 202. தனக்குத் தானே வாக்குப் போட்டதை அவர் மறைக்கவில்லை. வைத்தியர் கொடுத்த ஓரிரண்டு வருடம் 14 வருடமானது.

என் மகள் சும்மா இருக்கிறவள் இல்லை. வழிகாட்டி இத்தனையும் சொல்லி முடிந்ததும், "குளோப்கே?" என்று ஒரே சொல்லில் கேட்டாள். ஹன்ஸ் குளோப்கே என்பவர் நாசிக் காலத்தில் யூதருக்கு எதிரான நூரெம்பெர்க் சட்டங்களுக்கு உரை எழுதியவர்களில் ஒருவர். அவரைத்தான் அடெனவர் 1953இலிருந்து 1963வரை தன் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக வைத்திருந்தார். அந்தப் பெண் மழுப்பவில்லை. ஆம், தெரிந்துதான் வைத்திருந்தார், அரசை ஓட்ட ஆட்கள் வேண்டும் என்பது அவருடைய நியாயம், அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள்தான் என்றார். அதே மூச்சில் 1952இன் லக்சம்பேர்க் ஒப்பந்தத்தையும் சொன்னார். இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு. 1953 மார்ச்சில் அது பாராளுமன்றத்துக்கு வந்தபோது அடெனவரின் சொந்த அணியிலேயே பலர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள், எதிர்க்கட்சி முழுதாக ஆதரித்தது. ஒரே மனிதரின் ஒரே மேசையில் இரண்டு கடதாசியும் கையெழுத்தாகியிருக்கின்றன. மகள் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை, குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

ஒன்றியத்துக்குள் ஒன்றாக இருப்பதும் லேசாக நடந்துவிடவில்லை. குஸ்தாவ் ஹைனமான் என்ற புரட்டஸ்தாந்துக்காரர் கட்சியைக் கட்டியவர்களில் ஒருவர், முதல் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். ஜேர்மனி மறுபடி துவக்குத் தூக்கக் கூடாது என்று 1950இல் பதவியை விட்டார், பிறகு கட்சியையும் விட்டார். 1969இல் ஜனாதிபதியானார், எஸ்.பி.டி.க்காரராக. அவர் போனபின் கட்சி கத்தோலிக்கக் கூடாரமாகிவிடுமோ என்று பயந்து ஹெர்மன் ஏலர்ஸ் புரட்டஸ்தாந்தருக்கென ஒரு பணிக்குழுவை 1952இல் உருவாக்கினார். கட்சியின் உள்ளே யாருக்கு எந்தக் கதிரை என்பதில் ஆளின் சபை எது என்று வருடக்கணக்காகக் கணக்குப் பார்த்தார்கள். அது அசிங்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடு போட்ட முற்றத்தில் பந்து விளையாட அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் தொடங்க முடியும்.

பிரான்சில் ரொபேர்ட் ஷூமானின் எம்.ஆர்.பி., இத்தாலியில் அல்சீடே டி காஸ்பெரியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, இரண்டும் இதே காலத்தவை. அடெனவரோடு சேர்த்து மூவருமே எல்லைப் பகுதி மனிதர்கள், மூவருக்கும் ஜேர்மன் மொழி தெரியும். நிலக்கரியையும் உருக்கையும் பொதுவில் வைத்து ஐரோப்பாவைத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக் கட்சி 1967இல் கரைந்தது, இத்தாலியக் கட்சி ஊழலில் சிக்கி 1994இல் மறைந்தது. ஜேர்மன் கட்சி மட்டும் மிஞ்சியது.

என் காலத்துக்கு வந்தால் மனம் கசப்பும் நன்றியும் கலந்தது. 1990இல் நாடு ஒன்றானபோது கோலைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதிருக்கிறேன். அடுத்த மூன்று வருடத்துக்குள் அதே கட்சி எஸ்.பி.டி.யையும் சேர்த்துக்கொண்டு அடிப்படைச் சட்டம் என்ற அரசியலமைப்பில் இருந்த தஞ்ச உரிமையை இறுக்கியது, 1993 ஜூலையிலிருந்து நடைமுறை. 2000இல் எங்கள் மாநிலத் தேர்தலில் கணினி வேலைக்கு இந்தியர் வேண்டாம், பிள்ளைகளைப் படிப்பியுங்கள் என்ற சுலோகத்தோடு வந்து தோற்றார்கள். "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்து யோசித்திருக்கிறேன். அதே வருடம், கிழக்கிலிருந்து வந்த ஒரு போதகரின் மகள், அங்கேலா மெர்க்கல் என்ற புரட்டஸ்தாந்துப் பெண், கட்சித் தலைவரானார். 1949இல் இந்த அறையில் கோப்பி குடித்தவர்கள் யாரும் அப்படி ஒருத்தியைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டைப் பார்த்து முடிந்ததும் தோட்டத்துக்கு நேரம் வையுங்கள். படிப்படியாக இறங்கும் தளங்கள், றோசாக்கள், இத்தாலியில் விடுமுறைக்குப் போய்ப் பழகிய பொச்சா என்ற பந்து உருட்டும் விளையாட்டுக்கென ஒரு நீளப் பாத்தி. ஒரு மூலையில் சின்ன மண்டபம், பதவி விட்டபின் நினைவுக் குறிப்புகள் எழுதிய இடம். 1963 ஒக்டோபரில் பதவி விலகியபோது அவருக்கு வயது 87. போக மனமில்லாமல் போனவர். எங்கள் இல்லத்தில் வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் நாளில் முதியவர்களின் முகம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். 1967 ஏப்ரல் 19இல் இந்த வீட்டிலேயே இறந்தார். கொலோன் பேராலயப் பூசை முடிந்து உடலைப் படகில் றைன் வழியாகக் கொண்டுவந்து றோண்டோர்ஃப் காட்டு மயானத்தில் அடக்கினார்கள். கால் இடம் கொடுத்தால் அங்கேயும் போகலாம். எனக்கு அன்றைக்கு இடம் கொடுக்கவில்லை.

முழு நாளையும் இதற்கென வையுங்கள். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் தோட்டம் பிடிக்கும், பேச்சு நீளம். நாங்கள் சேர்ந்த சுற்று ஜேர்மன் மொழியில் நடந்தது, ஓரளவு மொழி தெரிந்தவர்களுக்கு இன்னும் ருசிக்கும். என்னைக் கேட்டால் இந்த நாட்டில் வாக்குரிமை எடுத்த நம்மவர் ஒவ்வொருவரும், எந்தக் கட்சிக்குப் போட்டாலும் சரி, ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

அடுத்த வாரம் தோட்டத்தில் எடுத்த படம் ஒன்றை அச்சடித்து அந்த எண்பத்தெட்டு வயது அம்மாவிடம் கொண்டுபோனேன். அவருடைய தகப்பன் சோவியத் சிறைமுகாமில் பத்து வருடம் இருந்தவர். 1955 செப்டெம்பரில் அடெனவர் மொஸ்கோ போய்ப் பேசி, கடைசியாக மிஞ்சியிருந்த ஏறத்தாழ 10,000 கைதிகளை விடுவித்தபோது ஒக்டோபரில் வீட்டுக்கு வந்தார். பதினெட்டு வயது மகளுக்கு அடையாளம் தெரியவில்லை, "அம்மா, யாரோ வந்திருக்கினம்" என்று உள்ளே கூப்பிட்டாராம். தாய் பத்திரிகையிலிருந்து அடெனவரின் படத்தை வெட்டிச் சமையலறை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். வெளிப்பக்கம் ஒட்டவில்லை, கத்தோலிக்கரின் படம், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் பார்த்தால் கதைப்பார்கள். சாகும்வரை சி.டி.யு.வுக்குத்தான் போட்டார். மகள் பிறகு எஸ்.பி.டி.யின் வில்லி பிரான்டுக்குப் போட்டவர், தாய்க்குச் சொல்லாமல்.

படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "எத்தனை படி?" என்று கேட்டார். சொன்னேன். உடுப்பு அலுமாரியைக் காட்டினார். கதவைத் திறந்து, உள்பக்கத்தில், சட்டைகள் மறைக்காத உயரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.